அப்பா ஓய்வு கொடுத்த மக்னீசியம்

எனக்குப் பொறுமை கிடையாது. வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டவள் என்றுதான் வீட்டில் பெயர். ஆராய்ச்சியில் வாய்த்ததும் என்னைப் போலவே பறக்கிற வேலை. மக்னீசியக் கலவைக் கட்டியை உலையில் சூடாக்கி, பிரஸ்ஸில் வைத்து அடித்து, பக்கம் திருப்பி மறுபடி அடிக்க வேண்டும். ஆறிப்போனால் விரிசல் விடும். ஆகவே மறுபடி சூடு, மறுபடி அடி. அடிக்க அடிக்க உலோகத்துக்குள் ரவை போலிருக்கும் மணிகள் மைதாவாகப் பொடியும். மணி பொடியப் பொடியக் கட்டிக்கு வலு கூடும்.

அப்பாவுக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். நான் ஒரே மகள். "கோயமுத்தூர் காலேஜுல இரும்படிக்கறா" என்றுதான் உறவுக்காரர்களிடம் சொல்வார். இரும்பு இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். உதவித்தொகை நின்றது, காலேஜிலும் இனிமேல் உலோகம் வாங்கித் தர முடியாது என்றார்கள். என் கையில் ஒரே ஒரு கட்டிதான் இருந்தது. அப்போதுதான் அப்பா பேச்சை முடித்தார்.

"இது நல்லா வந்துச்சுன்னா படி கண்ணு. வரலீன்னா பேசாம கம்பெனிக்கு வந்துரோணும்."

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

காலேஜ் பிரஸ் பழுதாகிக் கிடந்தது. பல்லடம் போகிற வழியில் அப்பாவின் நண்பர் வைத்திருக்கும் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைத்தது. ஆட்களுக்கு லீவு, பிரஸ்ஸை நானே ஓட்டினேன். துணைக்கு வந்த அப்பா சாப்பிடக் கூப்பிட்டார், போகவில்லை. டீ வாங்கி வந்து வைத்தார், எரிந்து விழுந்தேன். அன்று எனக்கு யாரைக் கண்டாலும் எரிச்சலாக இருந்தது.

கடைசி அடி விழுந்ததும் கட்டியை உடனே வாளித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். சூட்டிலேயே விட்டால் பொடிந்த மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மறுபடி பெருத்துவிடும். சரியாக அந்த நேரம் பார்த்து என் கைடு போன் செய்தார். தகரக் கூரைக்கடியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாளியில போட்ருங்கப்பா" என்று இடுக்கியை அப்பா கையில் திணித்துவிட்டு வெளியே ஓடினேன். கைடு சுருக்கமாகப் பேசுகிற மனிதர் இல்லை.

திரும்பி வந்து வாளிக்குள் பார்த்தேன். வெறும் தண்ணீர். கட்டி உலைக்குள் இருந்தது.

"ஏனுங்கப்பா, இத ஏன் உள்ள வெச்சீங்க?"

"இத்தன அடி வாங்கியிருக்குது. உடனே தண்ணியில போட்டா சுருங்கிப் போயிராதா? செத்த நேரம் ரிலாக்ஸ் ஆவட்டும்னு வெச்சேன்."

பனியன் கம்பெனியில் இது வேதவாக்கு. சாயப்பட்டறையில் இழுபட்டு வந்த துணி ரோலைப் பிரித்து, ஓர் இரவு சும்மா கிடக்கவிட்ட பிறகுதான் கத்தரி வைப்பார்கள். அவசரப்பட்டு வெட்டினால் முதல் சலவையிலேயே பனியன் சுருங்கி, பெரியவர் சட்டை பிள்ளைக்குத்தான் ஆகும். அந்த வைத்தியத்தை என் மக்னீசியத்துக்கும் செய்துவிட்டார். நான் கத்தவில்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவரை ஒரு நப்பாசை.

மறுநாள் லேபில் பார்த்தேன். ரவை, நல்ல தடித்த ரவை. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் இருப்புக் கொள்ளவில்லை. சொன்னால் அவர் நொந்துபோவார். சொல்லாவிட்டால் நான் கம்பெனிக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு கெட்ட சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

வாசலிலேயே நின்றிருந்தார். "நல்லா வந்துச்சா கண்ணு?"

"இல்லீங்கப்பா. நீங்க உலையில வெச்சதுலதான் கெட்டுப்போச்சு. வேணும்னேதான் வெச்சீங்களா?"

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

"ஓனரே துணியக் கெடுத்தா டெய்லர் கூலியிலயா புடிப்போம்?" என்றார். "இது உன்ற கணக்குல சேராது. அந்தக் கட்டி எங்க கெடைக்கும்னு கேளு, வாங்கிக்கலாம்."

நான் வாசலிலேயே போனை எடுத்துக் கைடின் நம்பரைத் தேடினேன்.

"இந்தத் தடவ நீ உள்ளயே இரு. போன் வந்தா வெளிய நின்னு நான் பேசிக்கறேன்."