பிரிக்பீல்ட்ஸ் திராட்சை

எண்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அரசாங்கக் குவாட்டர்ஸ் ஒன்றில் குடியிருந்தோம். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே வைன் போடுவேன், கடைத் திராட்சையில். ஒருமுறை ஆபீஸ் ஆட்களோடு கேமரன் மலைக்குப் போனபோது, தங்கிய விடுதியின் பின்புறம் கருந்திராட்சைக் கொடி ஒன்றைப் பார்த்தேன். தோட்டக்காரரிடம் நடுவதற்கு ஒரு குச்சி கேட்டேன்.

"கேஎல் சூட்டுல இது வராதுலா அக்கா. குளிர் வேணும்."

வராது என்று அவர் சொன்ன பிறகு எனக்கு அது கிடைத்தே தீரவேண்டும் என்றாகிவிட்டது. ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

பின்வாசலில் நட்ட குச்சி வேலியெல்லாம் படர்ந்தது. ஆனால் இரண்டு வருடமாகியும் வெறும் இலைதான். "பாவக்கா போட்டிருந்தா பொரியலாச்சும் வச்சிருக்கலாம்" என்றார் பக்கத்து வீட்டு ஆன்டி. என் கணவர் அவரோடு சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடிப்பிடித்துப் படித்தேன். குளிர் நாடுகளில் இந்தக் கொடி இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கி எழுந்துதான் பூக்குமாம். நம் ஊரில் அதற்குத் தூக்கமே கிடையாது; நாமாகத்தான் இலையை உருவித் தூங்கவைக்க வேண்டும். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் கத்திரியை எடுத்தேன். ஓர் இலை விடாமல் உருவி, கிளைகளை ஒட்ட வெட்டினேன்.

"பைத்தியமா உனக்கு? நல்லா இருந்ததக் கொன்னுட்டியே!" என்றார் கணவர்.

"என் கொடி. நான் பாத்துக்கிறேன்."

உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மொட்டு வெடித்தது. தளிரோடு கூடவே, கடுகு கடுகாய்ப் பூங்கொத்து. வேலைக்குக் கிளம்பியவள் கைப்பையோடு அங்கேயே நின்று கத்திவிட்டேன்.

காய் திரளும்போது மழை பிடித்துக்கொண்டது. ஈரம் பட்டால் குலை அழுகிவிடும். நான்கு கம்பு நட்டு மேலே பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டினேன். அதே வாரம் குவாட்டர்ஸைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். நம் தமிழ் ஆள்தான்.

"அனுமதி இல்லாம கூரை போடக்கூடாது அக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துடுங்க."

கணவர் அப்போதே கயிற்றை அவிழ்க்கப் போனார். "கொடியையும் வெட்டிடலாம், நமக்கு ஏன் வம்பு?" என்றார். கூரையை நானே பிரித்தேன். கொடியின் மீது யாரையும் கை வைக்க விடவில்லை. வீட்டிலிருந்த குடைகளை எடுத்தேன். கோயில் அக்காமார்களிடம் கம்பி உடைந்த பழைய குடைகளைக் கேட்டு வாங்கினேன். குலைக்கு மேலே ஒவ்வொன்றாய் விரித்துக் கட்டினேன். மொத்தம் பதினோரு குடைகள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து வேலியோரம் நின்றார்.

"என்னக்கா இது?"

"குடை. மழைக்குக் குடை பிடிக்கவும் அனுமதி வாங்கணுமா தம்பி?"

கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார், குடைகளைப் பார்த்தார். ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். கணவர் உள்ளே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் பறித்தேன். மூன்று குலை அழுகிப்போயிருந்தது. மிச்சமும் சின்னச் சின்னப் பழம், தடித்த தோல், பல் கூசும் புளிப்பு. சீனி போட்டு ஜாடியில் ஊறவைத்து வடித்ததில் ஒன்றரை பாட்டில் தேறியது.

கிறிஸ்துமஸ் அன்று எல்லாருக்கும் ஊற்றினேன். பக்கத்து வீட்டு ஆன்டி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கணவர் தயங்கித் தயங்கி, "கொஞ்சம் காட்டமா இருக்குல்ல?" என்றார். அந்த 'கொஞ்சம்' என்மேல் வைத்த இரக்கம். எனக்கு அது தேவைப்படவில்லை.

"காட்டமாத்தான் இருக்கு. வேணாம்னா குடுங்க" என்று அவர் கிளாஸையும் வாங்கி, அவர்கள் எல்லாரும் பார்க்க ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். தொண்டை எரிந்தது. கடைத் திராட்சையில் போட்ட எந்த வைனும் எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

அடுத்த ஜூனிலும் கொடியை மொட்டையடித்தேன். அந்த முறை கணவர் வந்து, நான் ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.