நாலு கிர்ஷ் அவசரம்

துறைமுக நகரத்தின் கர்மூஸ் பேட்டைத் தெருக்களில் பஸ்யூனி நடந்து வந்தால் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கக் கடை வாசலில் சண்டை நடக்கும். அதே பஸ்யூனி தபால் இலாகா மோட்டார் சைக்கிளில் வந்தால் சன்னல்கள் சாத்திக்கொள்ளும். கெட்டது அண்டாமல் இருக்கப் பெண்கள் தங்கள் சட்டைக் கழுத்துக்குள் துப்பிக்கொள்வார்கள். உயிரை எடுக்க வரும் வானவர் அஸ்ராயீலின் பெயரை அவருக்கு முதலில் வைத்தது வேறு யாருமில்லை, அவருடைய சொந்த மாமியார்தான்.

இத்தனைக்கும் அந்த மனிதர் செய்த குற்றம் அவசரத் தபால் கொண்டுவந்ததுதான். சாதாரணக் கடிதம் என்றால் பையைத் தோளில் மாட்டிய நடைத் தபால்காரர் நாளையோ மறுநாளோ கொண்டுவருவார். அதற்கான தபால் தலையோடு இன்னொரு அவசரத் தலையும் ஒட்டினால், கடிதம் ரயிலிலிருந்து இறங்கியதும் பஸ்யூனி எடுத்துக்கொண்டு பறப்பார். போருக்கு முன்னால் அந்த அவசரத்தின் விலை இரண்டு கிர்ஷ் காசு. போர் வந்து ரொட்டி விலை ஏறியபோது அதுவும் கூடவே ஏறி, நாலில் வந்து நின்றது. நாலு கிர்ஷுக்கு ஒரு குடும்பமே வயிறு முட்ட ஃபூல் பயற்று மசியல் தின்னலாம். அதைக் கொட்டிக் கொடுத்து ஒருவன் கடிதம் அனுப்புகிறான் என்றால் யாரோ போய்விட்டார்கள் என்றுதானே அர்த்தம் என்று கர்மூஸ்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். துணிக்கடை அப்துல் பாரி மட்டும் விதிவிலக்கு. தன்னைப் பெரிய வியாபாரி என்று எதிர்க்கடைக்காரர் நினைக்கவேண்டும் என்பதற்காகத் தனக்குத்தானே அவசரக் கடிதம் போட்டுக்கொள்வார்.

அவசரத் தலையில் மோட்டார் சைக்கிளில் போகும் ஓர் ஆளின் படம் இருக்கும். "அது நான்தான். படம் போட்ட கஞ்சப்பய, மூக்கை மட்டும் சின்னதா வரைஞ்சுட்டான்" என்பார் பஸ்யூனி. தன்னைப் பார்த்து ஊர் முகம் சுளிப்பது அவருக்கு வலித்தது. ஆனாலும் ஒரு நாள்கூடக் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனதில்லை. வீட்டு எண்ணே இல்லாத சந்துகளில் "ரொட்டி அடுப்புக்குப் பின்னால், நொண்டிக் கழுதைக்காரர் மாடியில்" என்ற விலாசத்தைக்கூடக் கண்டுபிடித்து, உரியவர் கையில் கொடுத்துக் கைநாட்டு வாங்கினால்தான் அவருக்கு மனம் ஆறும். இப்படி ஒரு மனிதருக்கு இப்படி ஒரு பெயரை வைத்த ஊரை என்ன சொல்வது!

ஒரு வியாழக்கிழமை பிற்பகல் அவர் கையில் கடைசியாக இருந்த கடிதம், விதவை தவ்ஹீதாவுக்கு அவருடைய சொந்த ஊரான சோஹாகிலிருந்து வந்தது. சந்து முனையில் திரும்பியதும் அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். சந்து முழுக்க வண்ணக் காகிதத் தோரணம், நாற்காலிகள், மேளக்காரர். தவ்ஹீதாவின் மகள் இன்ஷிராஹுக்கு அன்று நிக்காஹ். மாப்பிள்ளை கமீஸ் கப்பலில் வேலை செய்பவன், விடிந்தால் கப்பல் ஏறவேண்டும். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் தஸூகிதான் வழக்கப்படி கைக்குட்டைக்கு அடியில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுக்கவேண்டும். அவர் சோஹாகில் காய்ச்சலாகக் கிடந்தார். எப்படியும் வந்துவிடுவார் என்று காலை ரயிலுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். ரயில் வந்தது, மாமன் வரவில்லை. இப்போது மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது.

மேளம் நின்றது. ஒரு பெண் ஓவென்று அலறினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் அலறினார்கள். கடிதத்தை யாரும் தொடக்கூட இல்லை, அதற்குள் ஒருவன் ஏணியைப் போட்டுத் தோரணத்தை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"பொண்ணு வீட்டுல சாவுன்னா நாப்பது நாள் கழிச்சுத்தான் எதுவும். என் மகன் நாளைக்குக் கடலுக்குப் போறான், இனி எந்த வருஷம் திரும்புவானோ" என்று மாப்பிள்ளையின் தாய் எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டார். மணப்பெண் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பஸ்யூனி கடிதத்தை நீட்டினார். தவ்ஹீதா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் வாங்க மாட்டேன். வாங்கினாத்தானே எங்கண்ணன் செத்தான்? வாங்காத வரைக்கும் அவன் இருக்கான். எடுத்துட்டுப் போயிரு, அஸ்ராயீலு!"

வாங்க மறுத்த கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடவேண்டும் என்பது இலாகா விதி. மறுத்துவிட்டார் என்று ஒரு கோடு போட்டுவிட்டு வண்டியைத் திருப்பியிருக்கலாம். இன்னொருவராக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். பஸ்யூனி எஞ்சினை அணைக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"மறுக்காதீங்கக்கா. நான் இன்னும் வரவே இல்லையே. எஞ்சின் ஓடுதில்ல? எஞ்சின் ஓடுற வரைக்கும் கடுதாசி வழியிலதான் இருக்கு." இப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அந்த நிமிஷத்தில் அவரே போட்ட சட்டம் அது.

ஏணியில் நின்றவனின் கை அப்படியே நின்றது.

"நான் வந்து சேர்றதுக்குள்ள சொல்லுங்க, உங்கண்ணன் எப்படிப்பட்ட மனுஷன்?"

"எப்படிப்பட்டவனா?" தவ்ஹீதா மூக்கைச் சிந்தினார். "பெருநாளைக்கு ஒரு தர்பூசணி வாங்கிட்டு வந்தான். வறுத்துத் திங்கணும்னு விதையை எல்லாம் பொறுக்கித் துணியில முடிஞ்சு ஊருக்குத் திருப்பி எடுத்துட்டுப் போனான். அவனா நாலு கிர்ஷ் கூடக் குடுப்பான்? அவன் உயிரோட இருந்தா சாதாரணத் தலைக்கே மூணு தடவை யோசிப்பான். அதான் சொல்றேன், இது அவன் போட்ட கடுதாசி இல்ல. வேற யாரோ அவனுக்காகப் போட்டது!"

அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, அவர் போயிட்டார்னே வைங்க. யாரு போட்டிருப்பா? அண்ணியா?"

"அவளா! அவனாவது விதையைத்தான் எடுத்துட்டுப் போனான். அவ தோலையும் கேட்டா."

"அப்போ நீங்களே பாருங்கக்கா. செத்தவருக்கு என்ன அவசரம்? அவர் எங்க ஓடப்போறார்? சேதி மெதுவா வந்தாலும் செத்தவர் செத்தவர்தானே. அந்த வீட்டுல யாரும் ஒரு சாவுக்காக நாலு கிர்ஷ் அவிழ்க்க மாட்டாங்க. இன்னைக்கே உங்க கைக்கு வந்தாகணும்னு ஒருத்தர் நினைச்சிருக்கார். இன்னைக்கு என்ன நாள், யாருக்கு என்ன அவசரம்னு யோசிங்க."

தவ்ஹீதா மகளைப் பார்த்தார். பிறகு ஏணியைப் பார்த்தார்.

"நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போச்சுன்னா இந்த வண்டியை இங்கயே போட்டுட்டு, நாப்பது நாளும் உங்க வாசல்ல வந்து உட்காருறேன். என்னை என்ன பேர் சொல்லி வேணும்னாலும் கூப்பிடுங்க."

உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

தவ்ஹீதா கைநாட்டு வைத்தார். பஸ்யூனி எஞ்சினை அணைத்தார்.

நிக்காஹ் எழுத வந்திருந்த ஷேக் உறையைக் கிழித்து வாசித்தார். தஸூகிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் கால் இன்னும் நிற்க மறுக்கிறது, ரயில் ஏற முடியவில்லை. தன் இடத்தில் ஷேக்கே இருந்து மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கட்டும், தனக்கு முழுச் சம்மதம். கீழே இரண்டு சாட்சிகளின் முத்திரை இருந்தது.

"நல்ல சேதிதான்மா" என்றார் ஷேக்.

தவ்ஹீதா தலையை ஆட்டினார். "அவனுக்கு எழுதத் தெரியாது. அது காசுக்கு எழுதிக் குடுக்கிறவன் எழுதினது. என் பொண்ணு கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு இப்படி எழுதச் சொல்லியிருப்பாங்க. எனக்குத் தெரியாதா!"

ஏணிக்காரன் மறுபடியும் முடிச்சில் கை வைத்தான். பஸ்யூனியின் முகம் சுருங்கிப்போயிற்று.

"இருங்க, ஓரத்துல இன்னொரு வரி இருக்கு" என்று ஷேக் காகிதத்தைத் திருப்பிப் பிடித்தார். "இந்தக் கடிதத்தை அவசரத்தில் அனுப்ப ஆன நாலு கிர்ஷை, நான் வைக்கப்போகும் மொய்யில் கழித்துக்கொள்வேன்."

தவ்ஹீதா நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"அவனேதான்!" என்று சந்தே அதிரக் கத்தினார். "சாகலை! என் பாவி அண்ணன் சாகவே இல்லை!"

அழுதுகொண்டே அவர் போட்ட குலவை கர்மூஸ் முழுக்கக் கேட்டது.