தலைத்துணியில் கட்டிய கால்

வெள்ளம் வடிந்த மறுநாளே குழித்துறையில் மருத்துவ முகாமை மூடிவிட்டுப் போனது அநியாயம். வெள்ளத்தில் பட்ட காயம் அதற்குப் பிறகுதான் சீழ் வைக்கும். சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

இன்று காலை எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ரெஜினா நொண்டிக்கொண்டு வந்தாள். வெள்ளம் ஆற்றங்கரையில் ஒதுக்கிய தகரம் கிழித்த கால். நான் கம்பவுண்டராக இருந்தவன் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஊசி போட்டியா?"

"முகாம்ல போட்டாவ அண்ணாச்சி. மறுபடி கட்டு மாத்தப் போனா பூட்டிக் கெடக்கு."

கழுவி மருந்து வைத்தேன். வீட்டில் கட்டுத்துணி இல்லை. எங்கள் அய்யாவழிக் கோயிலான பதியில் கும்பிடும்போது தலையில் கட்டும் துணி, துவைத்து மடித்தபடி பெட்டியில் இருந்தது. மனைவி தவறியபின் நான் பதிக்குப் போகவில்லை. அதை எடுத்துக் கிழித்தேன்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "சாமிக்குக் கெட்டுற துணியாச்சே. பாவம் எனக்கா, ஒங்களுக்கா?"

"எனக்கு. பேசாம இரி."

கட்டி முடித்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே, இந்த மனுசனையும் பாத்துக்கோ." பிறகு என்னிடம், "புண்ணு ஆறினதும் புதுத்துணி கொண்டு வாறேன். அதக் கெட்டிட்டு நீங்க பதிக்குப் போவணும்."

எனக்காக இந்த வீட்டில் ஒருவர் வேண்டிக்கொண்டு வெகுநாளாயிற்று.

முகாமை அதிகாரிகள் மறுபடி திறக்க வேண்டும். ஆற்றங்கரைத் தகரங்களை நகராட்சி அள்ள வேண்டும். ரெஜினா நாளை கட்டு மாற்ற வர வேண்டும். நான் பதிக்குப் போக வேண்டும். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது. கூட வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள். லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.