அறுபதும் பன்னிரண்டும்

மரி-லோர் மார்க் போடுவதில் கஞ்சம். குருசுக்குப்பத்துக்காரர், சின்ன வயதிலிருந்து பிரெஞ்சு வழியிலேயே படித்தவர். இருபதுக்குப் பதினான்கு போட்டார் என்றால், மாலை போடாத குறைதான். "இருபது ஆண்டவருக்கு, பத்தொன்பது வாத்தியாருக்கு" என்று சொல்லியே அவரை வளர்த்திருந்தார்கள். பதினோரு வருடமாக ஒரு தனியார் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக, பி.காம். பிள்ளைகளுக்கு அலுவலகப் பிரெஞ்சு நடத்திவந்தார். கௌரவம் பதவியின் பெயரில் மட்டும் இருந்தது.

தரச்சான்றுக் குழு வரப்போகிறது என்றதும், எந்தப் பாடத்தில் பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று அட்டவணை போடச் சொன்னது கல்லூரி. மூன்றில் இரண்டு பேர் அறுபது சதவீதம், அதாவது இருபதுக்குப் பன்னிரண்டு எடுத்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. இரண்டு வருடம் சிவப்பானால் பாடத்தை எடுத்துவிடுவார்கள். பாடம் போனால் மரி-லோரும் போகவேண்டியதுதான்.

எல்லாத் துறையும் பச்சைப்பசேல் என்றிருந்தது. பிரெஞ்சு மட்டும் சிவப்பு. அட்டவணைக்குப் பொறுப்பான தெய்வசிகாமணி யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர்.

"கொஞ்சம் தாராளமா போடுங்க மேடம். நம்ம வூட்டு காசா போவுது?"

"தெரியாததுக்கு எப்பிடி சார் போடுறது?"

சொல்லிவிட்டாரே தவிர மனசு கேட்கவில்லை. தாள்களை எடுத்துக் கேள்வி கேள்வியாகப் பிரித்துப் பார்த்தார். இலக்கணம் பரவாயில்லை. போன் நம்பரைக் கேட்டு எழுதும் கேள்வியில்தான் நாற்பத்தெட்டில் நாற்பத்தொரு பேர் கவிழ்ந்திருந்தார்கள். பிரெஞ்சில் எழுபத்திரண்டை 'அறுபது பன்னிரண்டு' என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் காதில் விழுந்தபடி 60 என்றும் 12 என்றும் எழுதியதில், பத்து இலக்க நம்பர் பதினான்கு வரை நீண்டிருந்தது. மரி-லோருக்கு வெட்கமாகப் போயிற்று. எண்களை ஒரே மணி நேரத்தில் போர்டில் எழுதிப்போட்டு முடித்தவர் அவர்தான். காதுக்குப் பழக்கவே இல்லை.

அடுத்த வருடம் கடித மாதிரிகளில் பாதியை வெட்டினார். ஒவ்வொரு வகுப்பும் பத்து போன் நம்பரோடு தொடங்கியது. எங்கே கவிழ்ந்தார்கள், எதை மாற்றினோம் என்று பிரெஞ்சு ஃபைலில் எழுதியும் வைத்தார்.

"எழுபதுக்குன்னு ஒரு வார்த்த கூடவா இல்ல மேடம் அவங்களுக்கு?" என்றாள் மூலக்குளத்திலிருந்து வரும் துர்கா.

"பெல்ஜியத்துல இருக்குது. போறியா?"

வருடக் கடைசியில் அந்தக் கேள்வியை நாற்பது பேர் சரியாக எழுதினார்கள். மற்றக் கேள்விகளுக்கு மரி-லோரின் கை வழக்கம்போலவே இருந்தது. பன்னிரண்டைத் தொட்டவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு மூன்று பேர் குறைவு. மறுபடியும் சிவப்பு. பாடத்தை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல் அழுதார்.

பிறகு குழு வந்தது. தேர்வில் என்ன குறை கண்டீர்கள், அதனால் எதை மாற்றினீர்கள் என்று துறை துறையாகக் கேட்டது. பச்சைத் துறைகள் முழித்தன. குறையே இல்லாத இடத்தில் எதை மாற்றுவது? வியர்த்துப்போன தெய்வசிகாமணி பிரெஞ்சு ஃபைலை எடுத்து நீட்டினார். குழு அரைமணி நேரம் அதை ரசித்துப் படித்தது. கல்லூரியின் சிறந்த நடைமுறை என்று அறிக்கையில் எழுதியும் வைத்தது.

மறுநாளே தெய்வசிகாமணி மரி-லோருக்குப் போன் செய்தார்.

"மேடம், உங்க ஃபைலாலதான் காலேஜே தப்பிச்சுது. எல்லா டிபார்ட்மென்டும் அத மாதிரி செய்யணும்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு. ஒரு நாள் வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

"அப்போ பிரெஞ்சு பாடம் திரும்ப வருதா சார்?"

"அது எப்பிடி மேடம் வரும்? அதான் செவப்புல இருக்குதே."