மூன்று கையெழுத்து

ரிங்லெட் ஊருக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வாரம் ஒருமுறை தமிழில் செய்தித்தாள் எழுதி ஸ்டோர் சுவரில் ஒட்டுவேன். அதன் நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். தலைவர், நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி போட்ட, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. மூன்று கையெழுத்து விழாமல் ஒரு வரியும் ஒட்டவிட மாட்டார்.

சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துப்போனவர்களின் பெயர்ப் பட்டியலை அவரிடம் நீட்டினேன். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார்.

“மெம்பர் நாலு பேரும் இதுலயே இருக்காங்களே, வாத்தியாரே.”

“நீங்க ஒருத்தரு போட்டா போதும்லா, கிராணியாரே.”

“நானே விதிய மீறிட்டா, திரும்பி வர்றவங்களுக்கு என்னா பதில் சொல்றது?”

அடுத்த லாரியில் அவரையும் ஏற்றினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பட்டியலின் அடியில் அவர் பெயரையும் எழுதினேன். இனி அதை ஒட்டலாமா என்று யாரைக் கேட்பது?