வேரோனிக்கா கேட்ட விலக்கு

அஜின்கோர்ட்டில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால், புலம்பெயர்ந்து வந்த தமிழ்ச் சனம் வேரோனிக்காவின் கதவைத்தான் தட்டும். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து, சாப்பிடக்கூட இருக்காமல் எழுதிக் கொடுப்பார். 2009இன் முதல் ஐந்து மாதத்தில் மட்டும் எழுபது கடிதம் இருக்கும். எல்லாம் வன்னிக்குள் அகப்பட்டவர்களைத் தேடி எம்.பி.மாருக்கும் தூதரகங்களுக்கும் உதவி நிறுவனங்களுக்கும் எழுதியவை.

அப்பேர்ப்பட்டவர் பல்கலைக்கழகத்தின் எழுத்துச் சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டார் என்றால் யார் நம்புவார்கள்? வேலையோடு வேலையாக ஆறு வருடம் சமூகப்பணி படித்தார். எல்லாப் பாடமும் முடிந்து, அந்தச் சோதனை மட்டும் பட்டத்தை மறித்துக்கொண்டு நின்றது. ஏப்ரலில் வந்த கேள்வி, அடுக்குமாடியில் நாய் வளர்க்கலாமா கூடாதா என்பது. ஊரில் ஆஸ்பத்திரிக்கே குண்டு விழுகிற நேரத்தில் நாயைப் பற்றி யோசிக்க அவருக்கு மனம் வரவில்லை. பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் தரமும் தவறினால் பிறகு சந்தர்ப்பம் கிடையாது. ஆறு வருடமும் வீண்.

ஜூனில் அந்தச் சோதனையிலிருந்து விலக்குக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அலுவலகப் பெண் நல்லவிதமாகத்தான் பேசினாள். வெளியில் எழுதிய நல்ல எழுத்து ஒன்றைக் காட்டினால் போதும், ஆனால் அது உங்களுடையதுதான் என்று உறுதி வேண்டும் என்றாள். அங்கேதான் இடித்தது. எழுபது கடிதத்தில் ஒன்றில்கூட வேரோனிக்காவின் பெயர் இல்லை. எல்லாம் ‘என் மகன்’, ‘என் மனைவி’ என்று எழுதி, அவரவர் கையொப்பம் வைத்தவை.

இருந்தவற்றுக்குள் நல்லது கிறிஸ்துநாயகத்தின் கடிதம். ரூஜ் பக்கத்தில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்டில் தனியாக இருக்கும் மனிதர் அவர். மகன் அகஸ்ரினைத் தேடி பெப்ரவரியில் எழுதுவித்தது. போர் முடிந்த பிறகும் எந்த முகாமிலும் அகஸ்ரினின் பெயர் இல்லை. என் பட்டத்துக்காக உங்கள் மகனைத் தேடி எழுதிய கடிதத்தைத் தாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது? இரண்டு கிழமை ஒத்திப்போட்டு, கடைசித் தேதி நெருங்கவே பஸ் ஏறினார். சொல்லி முடிப்பதற்குள் வெட்கத்தில் உடம்பே குறுகிப்போனது.

கிறிஸ்துநாயகம் எழும்பிப் போய், அகஸ்ரினின் ஞானஸ்நானப் பத்திரத்தோடு வைத்திருந்த பிரதியை எடுத்து வந்தார்.

“இதை எழுதினது நீர்தான் எண்டு நான் சொல்ல வேணும். அவ்வளவுதானே பிள்ளை?”

“ஓம் அண்ணை. ஒரு கடிதமாத் தர வேணும். இங்கிலிஷில.”

“அப்ப அதையும் நீர்தானே எழுத வேணும்.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இதை எழுதியவர் வேரோனிக்காதான் என்று வேரோனிக்காவே எழுத, கிறிஸ்துநாயகம் ஒப்பம் வைத்தார். பேனாவை மூடும்போது, பதினொரு இடத்துக்கு அனுப்பினோமே, ஒருவரும் பதில் போடவில்லையே என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு பதிலையும் கொண்டுவராத கடிதத்தை நல்ல எழுத்து என்று காட்டப்போகிறேனே என்று வேரோனிக்கா நினைத்தார்.

ஒன்பதாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. விலக்குக் கிடைத்துவிட்டது. அச்சடித்த வரிகளுக்குக் கீழே அந்த அலுவலகப் பெண் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தாள். வேரோனிக்கா அன்றைக்கே ரூஜுக்குப் போய் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்: அகஸ்ரினைப் பற்றி ஏதாவது தகவல் வந்ததா?

கிறிஸ்துநாயகம் கடிதத்தை வாங்கி, தனக்குத் தெரியாத அந்த எழுத்தில் மகனுடைய பெயர் எங்கே என்று கேட்டார். வேரோனிக்கா விரல் வைத்துக் காட்டினார். அவர் அந்த இடத்தில் தன் விரலையும் வைத்துப் பார்த்தார்.

“அப்ப எங்கட கடிதத்தை ஒரு ஆளாவது வாசிச்சிருக்கு, பிள்ளை.”