சாயம் குடித்த ஏத்தங்காய்த் தோல்

ஆவுடைத்தாயின் விரல்களைப் பார்த்தால் நமக்குச் சோறு இறங்காது. பதினோரு வருடமாகச் சாலைக் கடைத்தெருவில் ஓர் உப்பேரிக் கடைக்கு, சிப்ஸ் வறுக்க, ஏத்தங்காய் என்கிற நேந்திர வாழைக்காய் உரிக்கிறாள். கறை ஏறி நகக்கண் வரை கறுத்துவிட்டது. அவளுக்கு அருவருப்பு வேறொன்றின்மேல். பாலராமபுரம் பக்கம் அவள் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் சுதீஷ் என்பவன் நூலுக்குச் சாயம் போடும் கொட்டகை வைத்திருந்தான். அவன் ஓடையில் விட்ட தண்ணீர் ஊறி, நான்கு குடித்தனங்களுக்கும் பொதுவான கிணறு நீலம் பாரித்துப்போனது. வாய் கொப்பளித்தால் எச்சிலும் நீலம். தூ, எழுதவே குமட்டுகிறது.

கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்யும் நீது உப்பேரி வாங்க வந்த இடத்தில்தான் சொன்னாள்: இந்தத் தோலைக் காயவைத்துப் பொடித்துச் சாயத்தண்ணீரில் போட்டால் நிறத்தை இழுத்துக்கொள்ளும். ஆவுடைத்தாய் அதைப் பிடித்துக்கொண்டாள். தினமும் ஒரு சாக்குத் தோலோடு பஸ் ஏறினாள். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். மாடியில் காயப்போட்டால் ஈ மொய்த்தது. மாவு மில்லில் அரைக்கமாட்டோம் என்று விரட்ட, கையால் இடித்தாள். தனக்குச் செலவில்லை என்றதும், சாயத்தண்ணீரை ஓடையில் விடுமுன் பொடி போட்டு வடிக்கத் தொட்டி வைக்கச் சுதீஷ் சம்மதித்தான்.

மூன்று மாதத்தில் கிணறு தெளிந்தது. நீது தண்ணீரைச் சோதித்துச் சரி என்ற பிறகே குடித்தார்கள்.

சாயம் குடித்த பொடியைச் சாக்கில் கட்டிக் கொட்டகையிலேயே வைக்கவேண்டும், மண்ணில் கொட்டவே கூடாது என்று நீது படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சுதீஷ் இடமில்லை என்று சாக்குகளை வேலிக்கு இந்தப் பக்கம் வீசினான். ஆவுடைத்தாய் யோசிக்கவில்லை. தோல் என்றால் வாழைமூட்டில் எருவாகப் போடுவது அவள் கைப்பழக்கம். கிணற்றடி வாழைக்குச் சாக்குச் சாக்காகக் கொட்டினாள்.

இடவப்பாதிப் பருவமழை பிடித்த மூன்றாம் நாள் விடியற்கருக்கலில் இறைத்து ஒரு மடக்குக் குடித்தாள். வெளிச்சம் வந்து பார்த்தால் வாளி முழுக்க நீலம், முன்னைவிட அடர்த்தியாக. அங்கேயே வாந்தியெடுத்தாள். இந்தமுறை அருவருப்பு தன்மேலேயே.

வேலிக்கு அப்பால் சுதீஷ் சிரித்தான். "இப்போ சேச்சியும் சாயக்காரி ஆயி, அல்லே?"

அவள் அன்று கடைக்குப் போகவில்லை. வாழைமூட்டைத் தோண்டி நீல மண்ணை ஏழு சாக்கில் அள்ளினாள். நூல் வாங்க ஆட்கள் வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து, ஒவ்வொன்றாகச் சுமந்துபோய் அவன் ஆபீஸ் மேசையைச் சுற்றி அடுக்கினாள். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாறுகிறது, எடுத்துக்கொண்டு போ என்றான்.

"நாத்தம் எங்க தோலோடது, மொதலாளி. உள்ள இருக்கது ஒங்க சாயம். அது ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்தவள் கையைக் கழுவவில்லை. எந்தத் தண்ணீரில் கழுவுவாள்?